நண்டு வாங்கிக் கொடுத்த அறை

பழவேற்காட்டு நண்டு விமானத்தில் போகும். அதைப் பிடித்தவனுக்குப் பொன்னேரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம்.

ஏரியில் பிடிபட்ட களிநண்டின் இரண்டு கொடுக்குகளையும் மடக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதில்தான் அதன் பயணம் தொடங்குகிறது. கட்டத் தெரியாதவன் கையை வைத்தால் விரல் போய்விடும். பிறகு எடை. எடைக்கு ஒரு தரம், தரத்துக்கு ஒரு விலை. சட்டை உரித்து இன்னும் சதை பிடிக்காததைத் தண்ணி நண்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். தேறியதெல்லாம் ஈரச் சாக்கு போர்த்திய பெட்டியில் மீனம்பாக்கம் போய், மறுநாள் சிங்கப்பூரில் இறங்கும். உயிரோடு இறங்கினால்தான் காசு. வழியில் செத்ததற்கு அங்கிருந்து கழிவு எழுதி அனுப்புவார்கள்.

அந்தக் கழிவுக் கணக்கை எழுதும் வேலை சில வருஷம் எனக்கு இருந்தது. பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, காசிமேட்டுப் பக்கம் ஒரு நண்டு ஏற்றுமதிக்காரரிடம் சேர்ந்திருந்தேன். நைனா ஏரியில் வலை போடுகிறவர். மகன் வியாபாரி பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான் என்பதில் அவருக்குப் பாதி பெருமை, பாதி சங்கடம். ஊரில் யாராவது விலையைப் பற்றிக் குறைப்பட்டால் நைனா என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பார்.

2014 கோடையில் கழிவு ஏறிக்கொண்டே போனது. பெட்டிக்கு இத்தனை செத்தது, அத்தனை செத்தது என்று வாங்குகிறவர்கள் எழுத, முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது. நேரில் போய்ப் பெட்டியைத் திறக்கும்போதே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். கணக்குப் புத்தகத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டார். எங்கே தங்கப்போகிறோம் என்று கேட்டதற்கு, "ரூமுக்கு நாம துட்டு தர வேணாம் தம்பி, ஓட்டல்காரனே குடுக்கறான்" என்றார். நண்டு வாங்குகிற சீனர் யாரோ ஓட்டல் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல், மரினா பே சேண்ட்ஸ்.

படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, அவற்றின் தலையில் கிடத்திவைத்த கப்பல் மாதிரி ஒரு தோட்டம். கட்டியவர் மோஷே சஃப்டி. சிங்கப்பூர் பல்லாண்டு காலமாகச் சூதாட்டக்கூடம் வேண்டாம் என்றே இருந்த நாடு. 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங், இரண்டுக்கு அனுமதி தரப்போவதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒன்று செந்தோசாத் தீவில் வந்தது, இன்னொன்று இது. 2010 ஏப்ரலில் கதவு திறந்தது. நாங்கள் போனபோது 2,500-க்கு மேல் அறைகள். அவற்றில் ஒன்று, சாதாரண அறைகூட இல்லை, சூட், எங்களுக்காகக் காத்திருந்தது. வரவேற்பில் முதலாளி ஒரு அட்டையை நீட்டினார். அவ்வளவுதான். வரிசையில் நிற்கச் சொல்லவில்லை.

அறையைப் பற்றி ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அது எனக்கே கதை மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் ஒரு கூடம், அதில் சோபா, பியானோ வைக்கலாம் போல ஒரு மூலை, சாப்பாட்டு மேசை. அதற்கு அப்புறம் படுக்கையறை. திரைச்சீலைக்குப் பொத்தான். குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரங்களில் கட்டிக்கொடுத்த வீடுகள் முந்நூறு சதுர அடி சொச்சம்; அந்தக் கூடத்துக்குள் ஒன்றை அப்படியே இறக்கி வைத்தாலும் சோபாவை நகர்த்த வேண்டியிருக்காது. முதலாளி பெரிய கட்டிலை எடுத்துக்கொண்டார். எனக்குச் சோபாவே நடுவீட்டுக் கட்டிலைவிட அகலம். ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை. குளிர்சாதனம் ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அலைச்சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சீர் ஒத்துவராது.

விடிந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்கள் அறை கரையோரத் தோட்டத்துப் பக்கம் பார்த்தது. கீழே, இரும்பிலும் செடியிலும் செய்த ராட்சத மரங்கள். அதற்கு அப்பால் நீர். அதற்கும் அப்பால் கடல், கடல் முழுக்க நங்கூரம் போட்ட கப்பல்கள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கப்பல் பார்த்தவன்தான், இருந்தாலும் இவ்வளவு கப்பல் ஒரே பார்வையில் கிடையாது.

கப்பலைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தப் பக்கத்து நீர். எங்கள் ஊரில் பிறந்தவன் தண்ணீரைப் பார்த்தால் முதலில் பார்ப்பது ஏத்தமா வத்தமா என்று. அதைப் படிப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், கரையில் ஈரக்கோடு இருக்கும். இங்கே ஈரக்கோடு இல்லை. காலையில் பார்த்தேன், வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தேன், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கடலை ஒட்டியிருக்கிற நீர், ஒரு சாண்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. எனக்கு அது நோயாளியின் முகம் மாதிரி பட்டது.

விடை சொன்னவர் ஒரு டாக்ஸி ஓட்டுநர். சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழர், அறுபது வயதிருக்கும். "அது கடல் இல்லை தம்பி, குடிதண்ணி" என்றார். மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்கு அணை கட்டி, 2008-இல் வாயை அடைத்துவிட்டார்கள். ஒன்பது மதகு. மழை கொட்டும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகைத் திறந்து வெள்ளத்தை விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் பம்பு போட்டு வெளியே தள்ளுவார்கள். உள்ளே இருந்த உப்பு நீர் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டு நல்ல தண்ணீர் ஏரியாகிவிட்டது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை அங்கே வந்து சேர்கிறது. நான் தூங்காமல் புரண்ட ஓட்டல் நிற்கிற நிலமே கடலைத் தூர்த்து எடுத்ததுதான் என்றும் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார், பெருமைப்பட வேண்டியதும்தான். குடிக்கிற நீருக்கு அண்டை நாட்டை நம்பியிருக்கும் தீவு அது.

எனக்கு வாய் அடைத்துப்போனது. எங்கள் ஊரில் முகத்துவாரம் அடைபடுவது என்றால் இழவு விழுந்த மாதிரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி என்று பாடப்புத்தகத்தில் வருகிற ஏரி, எங்கள் பக்கத்தில் கடலோடு பேசுவது மணல்திட்டில் இருக்கும் ஒரு சின்ன வாய் வழியாகத்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகும். கோடை வந்தால் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு மூடப் பார்க்கும். மூடிவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, படகு கடலுக்குப் போகாது, தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்பு கரிக்கும். மண்வெட்டியும் பொக்லைனுமாக ஊரே சேர்ந்து வெட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. வெட்டின வாய் சில வாரத்தில் திரும்ப அடைத்துக்கொண்டதும் உண்டு. நிரந்தரமாகக் கல் கொட்டிச் சுவர் எழுப்புங்கள் என்று எத்தனை மனு! தெற்கே துறைமுகங்கள் வந்தபிறகு மணலின் போக்கே மாறிவிட்டது என்பது கரையில் எல்லோரும் சொல்வது. நைனாவின் தலைமுறைக்கு அரசியல் என்றாலே முகத்துவாரம்தான்.

ஆக, அந்த அறையில் நான் அதிகம் பார்த்தது பளிங்கையோ பட்டையோ அல்ல, அந்த அணையை. முதலாளிக்கு இது புரியவில்லை. "இன்னா தம்பி, இவ்ளோ துட்டு ரூம்புல உக்காந்துகினு தண்ணியப் பாத்துகினு கீறே?" என்றார்.

பகலில் வேலை நடந்தது. வாங்குகிறவரின் கிடங்கில் பெட்டி திறக்கும்போது கூடவே நின்றோம். கழிவு உண்மைதான். ஏமாற்று இல்லை. நம் பக்கம் வெயிலில் காத்திருக்கிற நேரமும், பெட்டியில் காற்றுத் துளை போதாததும்தான் காரணம். துளையின் அளவை எழுதிக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ராத்திரியில்தான் அந்த ஓட்டலுக்கு உயிர் வரும். சூதாட்டக்கூடம் நான்கு தளம். வெளிநாட்டுக்காரன் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போகலாம். உள்ளூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் அப்போது 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்ட வேண்டியிருந்தது. (2019-இல் அதை 150 ஆக்கினார்கள்.) தன் மக்களிடம் வாசலிலேயே அபராதம் மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற அரசை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு: வீட்டுக்காரர்கள் மனுப் போட்டால், விசாரித்து, அந்த ஆளை உள்ளே விடக் கூடாது என்று தடை எழுதிவிடுவார்கள். டாக்ஸிக்காரர் அதை எனக்கு விளக்கமாகச் சொன்னார். விளக்கத்தில் அனுபவம் தெரிந்தது. "என் வீட்டுக்காரிதான் எழுதிக் கொடுத்தா. நல்ல காரியம் பண்ணா. உள்ளே ஆளை இறக்கிவிடுவேன், நான் ரோட்டுலயே திரும்பிடுவேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நம் பக்கம் இதற்கு வேறு வழி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை ஒரேயடியாக நிறுத்தியது. அதற்கு முன் எங்கள் கடைத்தெருவில் பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று பார்த்தறியாத ஊர்களின் சீட்டு கயிற்றில் தொங்கும். நைனாவும் வாங்கியிருக்கிறார். விழுந்ததில்லை. தடை வந்த அன்றைக்கு அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள் என்பது எங்கள் வீட்டுச் சரித்திரம்.

சூதாட்டக்கூடத்துக்கு உள்ளே, சினிமாவில் பார்த்த சத்தமெல்லாம் இயந்திரங்கள் இருக்கிற பக்கம்தான். பக்காரா மேசைகளில் அமைதி. முதலாளி ஆடுவது பக்காரா. எட்டுக் கட்டுச் சீட்டு கலந்து ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். பேங்கர் என்று ஒரு பக்கம், பிளேயர் என்று ஒரு பக்கம். எந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகை ஒன்பதுக்குப் பக்கத்தில் வருகிறதோ அது ஜெயித்தது. பணம் வைக்கிறவன் செய்வதற்கு எதுவும் இல்லை, பக்கத்தைத் தேர்ந்துகொள்வதைத் தவிர. சீட்டைக் கையில் வாங்கிய சீனப் பாட்டி ஒருத்தி அதை மேசையோடு அழுத்தி, ஓரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மடக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள். அச்சான சீட்டு பார்க்கிற வேகத்தில் மாறிவிடுமா? அவள் முகத்தைப் பார்த்தால் மாறும் என்றுதான் தோன்றியது.

என்னைச் சொக்க வைத்தது வேறு. மேசையில் உட்கார்கிறவர்களுக்கு ஒரு அட்டையும் பேனாவும் கொடுக்கிறார்கள். நடந்து முடிந்த ஆட்டங்களில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று சிவப்பும் நீலமுமாக வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ள. மேசைக்கு மேலே திரையிலும் அதே வட்டங்கள் ஓடும். முதலாளி ஒரு வட்டத்தையும் விடாமல் குறித்தார். நாலு சிவப்பு வந்துவிட்டது, அடுத்தது நீலம்தான் என்பார். அல்லது, நாலு சிவப்பு வந்துவிட்டது, காற்று அந்தப் பக்கம், இன்னும் சிவப்புதான் என்பார். இரண்டுக்கும் அதே அட்டைதான் சாட்சி. என் ஜென்மத்தில் இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட, இவ்வளவு உபயோகமில்லாத கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

அதிர்ஷ்டத்துக்கு நோட்டுப் போடுகிற வழக்கம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. அது பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில், அமாவாசை பௌர்ணமியை அடுத்த ராத்திரிகளில், வற்றுகிற நீரோடு இறால் கடலுக்கு இறங்கும்போது சுத்து வலை கட்டினால் ஒரு ராத்திரியில் மாதச் சம்பாத்தியம். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் அடுப்பெரிகிற அளவுக்கு. நல்ல இடம் யாருக்கு? பலசாலிக்கு என்று விட்டால் வெட்டு குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி பாடு உரிமை உள்ள ஊர்களில் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் பெயர் ஏறும். பெயர் ஏறினால் முறை வரும். இன்றைக்கு எனக்கு வாய்த்த நல்ல இடம் அடுத்த முறை உனக்கு, உன் சொத்தை இடம் எனக்கு. முறை நோட்டு பெரியவர் ஒருவரிடம் இருக்கும். அதில் எழுதியிருப்பது நாளைக்கு நடக்கும். முதலாளியின் அட்டையில் எழுதியிருந்தது நேற்று நடந்தது.

பாடு முறையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் தராசு முள் மாதிரி நியாயம் என்று மார்தட்டுவார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வராது. பட்டினவர் சாதியில் பிறக்காதவனுக்கு நோட்டில் இடம் இல்லை. பிற்பாடு மீன்பிடிக்கு வந்த குப்பங்கள் கேட்டுக் கேட்டுச் சண்டையும் வழக்கும் ஆகியிருக்கிறது. பெண்ணின் பெயர் எந்த நோட்டிலும் ஏறியதில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவி, கையால் இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு முறையும் இல்லை, இடமும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். பாடு முறையில் நோட்டை வைத்திருப்பவரும் சீட்டில் ஒரு பெயர்தான். அவருக்கும் சொத்தை இடம் விழும்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குச் சொத்தை இடமே விழாது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறையில் ஓட்டல் பெயர் போட்ட தாளும் பேனாவும் இருந்தன. பக்காராவில் பேங்கர் பக்கம் வைத்தால் சூதாட்டக்கூடத்துக்கு 100-க்கு 1.06, பிளேயர் பக்கம் வைத்தால் 1.24 நிற்கும். இது உலகம் முழுக்க அறிந்த கணக்கு, ரகசியம் ஒன்றும் இல்லை. சமன் வரும் என்று கட்டுகிறவனிடம் 14-க்கு மேல். நூற்றுக்கு ஒன்று என்றால் சின்னதாகத்தான் தெரியும், எங்கள் தொழிலில் தரகே அதைவிடக் கூட. ஆனால் தரகு ஒரு பெட்டிக்கு ஒரு தடவை. இங்கே அதே பணம் மணிக்கு அறுபது தடவை மேசையைக் கடக்கிறது. ஆட்டத்துக்கு 500 வெள்ளி, மணிக்கு 60 ஆட்டம், ராத்திரிக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 2,40,000 வெள்ளி புரளும். அதில் நூற்றுக்கு 1.2 என்றால் 2,880 வெள்ளி. ஒரு ராத்திரி ஜெயிப்பான், ஒரு ராத்திரி தோற்பான், சராசரி அதுதான். ஆடுகிறவன் எவ்வளவு வைக்கிறான், எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்று அட்டையைத் தேய்த்து அவர்கள் பதிந்துகொள்கிறார்கள். எதிர்பார்க்கிற அந்தத் தொகையில் ஒரு பங்கைத்தான் அறையாக, சாப்பாடாக, விமான நிலையத்துக்கு வரும் காராகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தொழில்காரர்கள் அதைக் காம்ப் என்பார்கள். முதலாளியைவிட நூறு மடங்கு வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைவிடப் பெரிய சூட். இவர் அந்த வரிசையில் பொடி மீன்தான்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எனக்குத் தெரிந்த கணக்கு. இதன் பெயர் முன்பணம்.

எங்கள் ஏரியில் நண்டு வியாபாரி வலைக்கு, படகுக்கு, என்ஜினுக்கு, பிள்ளை காதுகுத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார். வட்டி இல்லை. பத்திரம் இல்லை. மீனை எனக்கே போடு, அது போதும். போட்டால், வெளிமார்க்கெட் விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துப் பிடிப்பார். அந்தக் கொஞ்சம் வருஷக்கணக்கில் முதலைப்போல் எத்தனையோ மடங்காகி அவர் கைக்கு வந்துவிடும், முதல் மட்டும் அப்படியே நிற்கும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவே மாட்டார். திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்பதுதான் அவர் பயம். வலைக்காரர்கள் அறியாததல்ல இது. எந்த பேங்க் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுக்கும் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல என்னால் இதுவரை முடிந்ததில்லை.

முதலாளியிடமே கேட்டுவிட்டேன். விடியும் நேரம், மேலே வந்து சோபாவில் சாய்ந்து, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த அறையும் நாம் கொடுக்கிற அட்வான்ஸும் ஒரே மாதிரி இருக்கிறதே சார் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதா தம்பி? நான் எத்தினி பேருக்குக் குடுத்துகீறேன்" என்றார்.

பிறகு எழுந்து போய்த் திரைச்சீலைப் பொத்தானை அமுக்கினார். அது மெதுவாக மூடியது. தூங்கிவிட்டார்.

கடைசி ராத்திரி வாங்குகிறவர் விருந்து வைத்தார். மிளகாய் நண்டு, சிங்கப்பூரின் பேர்பெற்ற பதார்த்தம். தக்காளியும் மிளகாயும் முட்டையும் கலந்த சிவந்த குழம்பில் நண்டை உடைத்துப் போட்டிருப்பார்கள். தொட்டுக்கொள்ள பொரித்த பன். அங்கே பெரிய களிநண்டு என்றால் உணவுப் பட்டியலில் பெரும்பாலும் இலங்கை நண்டு என்றுதான் போடுவார்கள். அந்தப் பெயருக்குத்தான் மவுசு. வாசலில் கண்ணாடித் தொட்டியில் கொடுக்கு கட்டிய நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. கட்டைப் பார்த்தால் எந்த ஊர்க் கை என்று எனக்கு ஓரளவு தெரியும். குனிந்து பார்த்தேன், இரண்டு மூன்று எனக்குப் பழக்கமான முடிச்சு. சத்தியம் பண்ண மாட்டேன். கிலோ விலை கரும்பலகையில் வெள்ளியில் எழுதியிருந்தது. ரூபாயாக்கிப் பார்த்தால் நாங்கள் கரையில் கொடுத்ததுபோல எத்தனையோ மடங்கு. நடுவில் விமானம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, செத்த நண்டு இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது. கணக்கெழுதுகிறவன் இதையெல்லாம் மறந்துவிட்டுக் கொள்ளை என்று கத்தக் கூடாது. இருந்தாலும் ஒரு கணம் கத்தத் தோன்றியது உண்மை.

முதலாளி நண்டைத் தொடவில்லை. நண்டு அவருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். வாழ்நாள் முழுக்க நண்டு விற்றவர், தட்டில் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தார். விருந்து முடிந்ததும் தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்கா பக்கம் போய் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டலுக்குக் கிளம்பினார்.

மேல்மாடி நீச்சல்குளத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். 57-ஆவது மாடியில், ஏறக்குறைய 150 மீட்டர் நீளம், விளிம்பே தெரியாமல் ஆகாயத்தில் முடிகிற மாதிரி கட்டியிருப்பார்கள். தங்குகிறவர்களுக்கு மட்டும். நீந்துகிறவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் விளிம்பில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை நான் நீந்தினேன். வழியில் நின்றவர்கள் என்னவோ விபத்து என்பதுபோல விலகினார்கள்.

முதலாளி மொத்தத்தில் எவ்வளவு விட்டார் என்று எனக்குச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை. ஆனால் ஊர் திரும்பிய வாரத்தில் ஏஜெண்டுகளுக்கு போன் போனது. சிங்கப்பூரில் மார்க்கெட் டல், பெரிய நண்டுக்குக் கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்துப் பிடியுங்கள். மார்க்கெட்டை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். டல் எல்லாம் இல்லை. ஒரு கிலோவில் முப்பது ரூபாய் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அடுத்த வருஷம் நான் அந்த வேலையை விட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்குப் போனேன்.

ஊரில் அறைக்கதை கேட்க வந்தவர்களில் நைனாவுக்கு மட்டும் சோபாவோ குளிக்கும் தொட்டியோ ஒரு பொருட்டாகவே இல்லை. அணையைப் பற்றி மட்டும் கேட்டார். மதகு எத்தனை, எப்போது திறப்பார்கள், உள்ளே இருந்த மீனெல்லாம் என்ன ஆச்சு. வாயை அடைக்கிறதுக்கா அவ்வளவு செலவு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குடிதண்ணீருக்கு என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

பெரியப்பா மகன் அண்ணனுக்கு வேறு சுவாரஸ்யம். அவன் எங்கள் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தவன். முப்பது ரூபாய் குறைந்த கதையையும் அறைக்கதையையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அந்த மழைக்காலம் முடிந்ததும் அண்ணி கழுத்துச் செயினை பொன்னேரியில் அடகு வைத்து முதலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வேறொரு வியாபாரிக்கு நண்டு போட ஆரம்பித்தான். புது ஆளிடமும் அட்வான்ஸ் வாங்கத்தான் வேண்டியிருந்தது, செயினை மீட்க. வாங்குவதற்கு முன்னால் எனக்கு போன் பண்ணினான்.

"இந்த ஆளுக்கு சீட்டாடுற பயக்கம் கீதான்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லு தம்பி."